பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி: அடுத்து எந்த வெட்ஜ்கள் வாங்குவது?

கோல்ஃப் ஆடும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் நிலைமை இது: புதிதாக வாங்கிய அயர்ன் செட்டில் (இரும்புத் தலை வைத்த கிளப்புகள், அதாவது மட்டைகள்) பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி. வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் கிளப். டிகிரி என்பது அதன் முகத்தின் சாய்வு, லாஃப்ட் என்பார்கள்; அது கூடக் கூட பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரம் போகும். பையில் இன்னும் மூன்று கிளப்புக்கு இடம் இருக்கிறது. 48, 52, 56 வாங்குவதா, 50, 54, 58 வாங்குவதா, அல்லது 52, 56, 60 வாங்குவதா?

மூன்று வரிசையும் வேண்டாம் என்பேன். 50, 56 இரண்டும் போதும். மீதி ஒரு இடத்தில் உங்களால் ஒழுங்காக அடிக்க முடிகிற ஹைபிரிட் (நீண்ட தூரத்துக்கு அடிக்கும் கிளப்) ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஹேண்டிகேப் 19 (அதாவது சுமாரான ஆட்டம்), சென்னையில் ஞாயிறு காலைகளில் மட்டும் ஆடுபவன். ஆனால் இந்த வெட்ஜ் விஷயத்தில் தப்பு செய்து, காசு கொடுத்துப் பாடம் படித்தவன்.

என் பழைய செட்டில் பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரி. அதோடு 56 டிகிரியில் ஒரு சாண்ட் வெட்ஜ். பல வருடம் இந்த இரண்டை வைத்தே காலம் ஓடியது. புது செட் வாங்கியதும் பிட்சிங் வெட்ஜில் பத்து யார்டு கூடுதலாகப் போனது. பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் ஒரு நண்பர் இரண்டு கிளப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புது பிட்சிங் வெட்ஜின் சாய்வும் பழைய 9 அயர்னின் சாய்வும் ஒன்றேதான். பெயர்ப் பலகையை மாற்றி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. இன்றைய அயர்ன்களில் எடையைத் தலையின் அடிப்பகுதியில் வைப்பதால் பந்து தானாகவே உயரமாக எழும்புகிறது. அதனால் லாஃப்டைக் குறைத்தாலும் பந்து கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வந்து நிற்கும். ஒரு காலத்தில் 48, 50 என்று இருந்த பிட்சிங் வெட்ஜ் இப்போது பெரும்பாலும் 43-லிருந்து 46-க்குள் வருகிறது. சாண்ட் வெட்ஜ் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் மணலிலிருந்து பந்தை எடுக்க 54, 56 டிகிரி அன்றும் தேவை, இன்றும் தேவை. ஒன்று நகர்ந்து, மற்றது நின்றுவிட்டதால் நடுவில் விழுந்த ஓட்டைதான் உங்கள் பிரச்சினை. அந்த ஓட்டையை அடைக்க வந்த கிளப்புக்குத்தான் கேப் (gap, இடைவெளி) வெட்ஜ் என்று பெயர்.

என் ஓட்டை எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். முழு வீச்சில் பிட்சிங் வெட்ஜ் 105 யார்டு போகும். 56 டிகிரி 75 யார்டு. நடுவில் முப்பது யார்டுக்கு என்னிடம் ஒன்றுமே கிடையாது. நான் வழக்கமாக ஆடும் மைதானத்தில் ஒரு பார் 5 குழி (ஐந்து அடியில் முடிக்க வேண்டியது) இருக்கிறது. என் மூன்றாவது அடிக்கு எப்படியும் தொண்ணூறு யார்டு சொச்சம் மிச்சமிருக்கும். பிட்சிங் வெட்ஜை மெதுவாக வீசினால் பந்து கிரீனைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பங்கருக்குள் (மணல் பள்ளம்) போகும். 56-ஐ முறுக்கி அடித்தால் முன்னாலேயே விழும். ஒரு மாதம் ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு ஆட்டத்தில் 80-க்கும் 100-க்கும் இடைப்பட்ட தூரம் பதின்மூன்று முறை வந்தது. அதில் கிரீனில் நின்றது மூன்று.

இதைப் பார்த்த பிறகாவது புத்தியோடு ஒரு 50 டிகிரி வாங்கியிருக்க வேண்டும். கடையில் 52-ம் 60-ம் சேர்த்து எடுத்தால் விலை குறைவு என்றார்கள். டெலிவிஷனில் அமெரிக்க வீரர் ஃபில் மிக்கல்சன் கிரீன் பக்கத்தில் நின்று பந்தை வானத்துக்கு அனுப்பிக் குழியருகே பூப்போல இறக்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை ஊறிக் கிடந்தது. இரண்டையும் வாங்கிவிட்டேன்.

மே மாதம். மைதானம் ஓடு மாதிரி காய்ந்திருந்தது. கிரீனுக்குப் பதினைந்து யார்டில் என் பந்து, நடுவில் ஒரு பங்கர். 60-ஐ முகம் திறந்து, அதாவது முகம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்து வீசினேன். கிளப்பின் அடிப்பாகம் தரையில் பட்டு எகிறியது, முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் இடித்தது. பந்து முழங்கால் உயரத்தில் பறந்து பங்கரைத் தாண்டி, கிரீனைத் தாண்டி, மறுபக்கத்து வேலியோரம் போய்ச் சேர்ந்தது. என் கேடி (போலீஸ் பட்டியலில் இருக்கும் கேடி இல்லை, கோல்ஃப் பை தூக்கி வருபவர்) வாயே திறக்கவில்லை. அடுத்த குழியில் அதே போன்ற நிலை வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே 8 அயர்னை எடுத்து நீட்டி, "இதில் உருட்டி விடுங்கள் சார்" என்றார். உருட்டினேன், ஐந்தடியில் நின்றது. அன்றிலிருந்து 60 பரணில் இருக்கிறது.

ஆகவே லாஃப்டைப் பற்றி மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதி பவுன்ஸ். கிளப்பைத் தரையில் வைத்தால் முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் பின்புறம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அந்தக் கோணம்தான் பவுன்ஸ். சில வெட்ஜ்களில் 56.10 என்று பொறித்திருப்பார்கள்: லாஃப்ட் 56, பவுன்ஸ் 10. பவுன்ஸ் அதிகமானால் கிளப் மணலிலும் ஈர மண்ணிலும் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதையே இறுகிய தரையில் வீசினால் எனக்கு ஆனதுதான் ஆகும். முகத்தைத் திறக்கத் திறக்க பவுன்ஸ் இன்னும் கூடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

இந்த அடிப்பாகத்தின் மகிமையைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசன். விமானம் மேலெழும்போது வாலில் இருக்கும் மடல் இறங்குவதைக் கவனித்து, நிப்லிக் என்ற அந்தக் கால அயர்ன் கிளப்பின் அடியில் ஈயப்பற்று வைத்துத் தடிப்பாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார். கவனித்தீர்களா, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தது சாய்வைப் பற்றி அல்ல, அடியைப் பற்றி.

சென்னை போன்ற தரையில் ஆடுபவருக்கு என் யோசனை: 50 டிகிரியில் பவுன்ஸ் 8 அளவில், 56-இல் 10 அளவில். நவம்பர் மழையில் இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் தேவலை என்று தோன்றும்தான். ஆனால் வருடத்தில் பெரும்பகுதி நமக்குக் காய்ந்த தரைதான் வாய்க்கிறது.

ஏன் நான்கு டிகிரி இடைவெளி இல்லை, ஏன் ஆறு? வேகமாக வீசுபவருக்கு நான்கு டிகிரி என்பது பதினைந்து யார்டு வித்தியாசம். என்னைப் போல மெதுவாக வீசுபவருக்கு அதே நான்கு டிகிரி பத்து யார்டைத் தாண்டாது. அந்தப் பத்து யார்டைத் துல்லியமாக அடிக்கும் திறமை எனக்கு இல்லை, அதற்கு எதற்குத் தனி கிளப்? பையில் மொத்தம் பதினான்கு கிளப்புக்குத்தான் அனுமதி. நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃப் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ், கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்: ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி வரை பின்னே தூக்கி மூன்று விதமாக வீசுவது. மூன்று வெட்ஜுக்கு மூன்று வீச்சு என்றால் ஒன்பது தூரம் கைவசம். அவர் நான்கு வெட்ஜ் வைத்துக்கொள்ளச் சொன்னவர். நான் முறையை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பயிற்சித் திடலில் பிட்சிங் வெட்ஜால் பத்துப் பந்து, இருக்கிற சாண்ட் வெட்ஜால் பத்துப் பந்து. உருண்டு போன தூரத்தை எண்ண வேண்டாம், விழுந்த இடம்தான் கணக்கு. நீளமான ஒன்றையும் குட்டையான ஒன்றையும் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாற்பது யார்டுக்கு மேல் இருந்தால் நீங்கள் வேகமாக வீசுபவர், 48, 52, 56 உங்களுக்குப் பொருந்தும். முப்பது யார்டு என்றால் என் கட்சி. பிட்சிங் வெட்ஜ் 46 வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு 51 அல்லது 52, அப்புறம் 56.

கேப் வெட்ஜை உங்கள் அயர்ன் செட்டிலேயே தருகிறார்களா என்றும் பாருங்கள். அதில் 50 என்று எழுதியிருக்காது. கம்பெனிக்குத் தக்கபடி ஏ, ஜி, யு என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். முழு வீச்சுக்கு அதுவே சுலபம், உங்கள் 9 அயர்ன் போலவே கையில் உட்காரும்.

ஊட்டிக்குப் போய் ஆடினால் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் நழுவும். கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. என் 105 அங்கே 115 ஆகிவிட்டது. உடன் ஆடியவரின் 60 டிகிரியை வாங்கி அந்த மெத்தென்ற புல்லில் வீசிப் பார்த்தேன். என்ன அழகாக எழும்பி, என்ன அழகாக இறங்கியது! அந்தக் கிளப்பின் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதியைச் சென்னைத் தரையின் மேல் மாற்ற வேண்டியதாயிற்று.

என் 52 என்னவானது என்று கேட்பீர்கள். அது மிருதுவான கார்பன் ஸ்டீலில் அடித்துச் செய்தது, வளைத்தால் வளையும். வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவ்வளவு எளிதில் இணங்காது. கிளப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். லாஃப்ட் அளக்கும் இயந்திரத்தில் பூட்டி, நெம்புகோலை இரண்டு முறை அழுத்தி, 50-க்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே பவுன்ஸும் 10-லிருந்து 8-க்கு இறங்கியது. இப்போது அது 91 யார்டு போகிறது. கிளப்பின் முதுகில் 52 என்றுதான் இன்னும் இருக்கிறது. நான் ஐம்பது என்று கேட்டால் கேடி ஒன்றும் சொல்லாமல் அதையே எடுத்துத் தருகிறார்.