வீங்கிய மோதிர விரல்

கேள்வி: வயது 39. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எட்டு ஆண்டுகளாகத் தலையில் சொரியாசிஸ். நான்கு மாதமாக வலது மோதிர விரல் முழுவதும் வீங்கியிருக்கிறது. காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. குதிகாலிலும் வலி. நகங்களில் புள்ளி புள்ளியாகக் குழிகள். முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். யூரிக் அமிலம் 6.4 என்பதால் கருவாட்டை நிறுத்திவிட்டேன். மருந்துக் கடை மாத்திரையில் வலி அடங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விரல்கள் கோணிப்போனதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. இதற்குப் புற்றுநோய் மருந்து கொடுப்பார்கள் என்று இணையத்தில் படித்தேன். மகளுக்கும் தொற்றுமா?

பதில்: கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதானே பயம்? கடிதத்தில் அந்த வரி இல்லை. ஆனாலும் அதைத்தான் கேட்கிறீர்கள். இப்போதே சிகிச்சையைத் தொடங்கினால் பெரும்பாலும் அப்படி ஆகாது. தள்ளிப்போட்டால் ஆகலாம். நான்கு மாதத்தை ஏற்கெனவே தள்ளிவிட்டீர்கள்.

அந்த விரலுக்கு வருகிறேன். ஒரு கணு மட்டும் புடைத்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அடி முதல் நுனி வரை விரல் முழுவதும் ஒரே உருளையாக வீங்குவது வேறு சங்கதி. எங்கள் பாடப்புத்தகங்கள் அதைத் தொத்திறைச்சிக்கு ஒப்பிடும். நான் மாணவர்களிடம் கோவைக்காய் என்பேன். மூட்டோடு சேர்ந்து, விரலை மடக்கும் தசைநாணின் உறையும் அழன்றிருக்கிறது என்று அதற்குப் பொருள். குதிகால் வலியும் இதே கதைதான்: தசைநாண் எலும்பில் பதியும் இடத்தில் அழற்சி. தோலைத் தாக்கும் அதே எதிர்ப்பாற்றல் கோளாறு மூட்டுக்கும் வந்திருக்கிறது. சொரியாசிஸ் மூட்டழற்சி என்கிறோம். தலையிலும் நகத்திலும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். தோலில் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து மூட்டுக்கு வருவதுதான் வழக்கம். தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும். இது காலையில் இறுகிக் கிடந்து, கை ஓட ஓடத் தளரும்.

விரலை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் வேறு நோய் என்று நிரூபணமாகும் வரை இதுவென்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். ஆறு மாதத் தாமதம்கூட எலும்பு அரிப்பில் முடியலாம்; அரித்தது திரும்ப வளராது.

ஆர்.ஏ. சீட்டைக் காட்டி யாரும் உங்களைத் தேற்ற வேண்டாம். இந்த நோயில் பெரும்பாலோருக்கு அது இல்லை என்றுதான் வரும். யூரிக் அமிலம் 6.4 ஒரு பொருட்டே இல்லை. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது சற்று ஏறியிருப்பது சகஜம். கருவாடு சாப்பிடுங்கள். மகளுக்குத் தொற்றாது, ஒரே சீப்பில் வாரினாலும் தொற்றாது. குடும்பவழிப் போக்கு கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான்.

மருந்துக் கடை மாத்திரைதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வெறும் வலிநிவாரணி என்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வலியை மூடி வைக்கும். எலும்பு அரிப்போ உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் இன்னும் மோசம். திடீரென நிறுத்தும்போது சொரியாசிஸ் உடம்பெங்கும் சீழ்க் கொப்புளமாகச் சீறுவதுண்டு. ஆகவே நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்துகொண்டே போகவும் வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

எலும்பு மருத்துவரிடம் அல்ல, வாதநோய் நிபுணரிடம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம்.

அங்கே மெத்தோட்ரெக்ஸேட் எழுதித் தரக்கூடும். நீங்கள் படித்த 'புற்றுநோய் மருந்து' அதுதான். புற்றுநோய்க்குத் தரும் அளவில் சிறு பங்குதான் இங்கே. பயப்பட வேண்டியது பெயருக்கல்ல, தவறாகப் போடுவதற்கு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மற்ற மாத்திரைகளைப் போல நினைத்து தினமும் விழுங்கியவர்கள் உயிருக்குப் போராடியிருக்கிறார்கள். நாள்காட்டியில் கிழமையைக் குறித்து வையுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு. இன்னொரு குழந்தைக்கு எண்ணமிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரண்டாவது வாரமே 'கேட்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். இதில் அடங்காவிட்டால், அழற்சியைக் கிளப்பும் பொருளைக் குறிவைத்துத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் உடம்பில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைக் கேட்டுப் புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பிக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் செய்வதுதான்.

போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாராதீர்கள். உச்சந்தலையையும் காதுகளுக்குப் பின்புறத்தையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் முந்தின இரவே அழித்துவிடுங்கள். மோதிரம் இன்னும் அந்த விரலில் இருந்தால், இன்றைக்கே கழற்றுங்கள். வரவில்லையென்றால் தட்டானிடம் போய் வெட்டிவிடுங்கள்.