அப்பா அம்மாவுடன் முதல் விமானப் பயணம்: இறங்கியதும் டாக்சி, பணமாற்று ஏமாற்றுகளில் சிக்காமல் இருப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஓய்வு பெற்ற அப்பா அம்மாவை முதன்முறையாக விமானம் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போகிறார். அடுத்த ஆண்டு பேங்காக், பாலி என்று யோசனை இருக்கிறதாம். இறங்கிய உடனே ஆளாளுக்குப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஊருக்குப் போகிற பெரியவர்களுக்கு டிக்கெட், விசா எடுத்துக் கொடுப்பேன். முடிந்தால் கூடவே போய் வருவேன். அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் சேமநிதிப் பணம். விடியற்காலையில் பால்மரம் வெட்டியும் வெயிலில் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்தது. அதில் ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்டை) ஒருவன் அரை மணி நேரத்தில் பறித்துக்கொண்டு போனால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த நாடாக இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உங்களைத் தேடி வருகிறவரோடு போகாதீர்கள், நீங்கள் தேடிப் போகிற இடத்துக்கு மட்டும் போங்கள். முறையான கவுண்டர்காரர் கவுண்டரை விட்டு எழுந்து வந்து உங்கள் கையைப் பிடிக்க மாட்டார். வரிசையில் நிற்கிற டாக்சிக்காரருக்கும் உங்களைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை.

பேங்காக்கில் இறங்கும்போது நம் ஆட்கள் தாமாகவே உஷாராக இருப்பார்கள். மொழி தெரியாது, முகம் தெரியாது. தமிழ்நாட்டில் இறங்கும்போதுதான் மனசு இளகிவிடுகிறது. வெளிக் கதவைத் தாண்டியதும் "அம்மா, மலேசியாவா? வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வரும். அங்கே ஒரு விமான நிலையத்தில் நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது. எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர், மைலோவும் கோடாலித் தைலமும் நிரம்பிய பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்தார். ஓர் இளைஞன் வந்து வண்டியின் பிடியில் கை வைத்தான். பாட்டி "இருக்கட்டும்பா" என்றார். அவன் "பரவாயில்ல பாட்டி" என்று சொல்லி இருபதடி தள்ளினான். காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். பாட்டி பத்து ரூபாய் கொடுத்தார். அவன் வாங்கவில்லை. "மலேசியா காசு கொடுங்க" என்றான். அதற்குள் இன்னொருவன் வந்து, தானும் பெட்டியைத் தூக்கி வைத்ததாகச் சொன்னான். நான் குறுக்கே போய்ப் பேசிய பிறகுதான் நகர்ந்தார்கள். பாட்டிக்குப் பணம் கேட்டதைவிட, பேரன் மாதிரி பேசியவன் முகம் மாறியதுதான் வலித்தது.

தள்ளுவண்டி இலவசம். யார் கை வைத்தாலும் நின்று உறுதியாக "வேண்டாம் தம்பி, நாங்களே தள்ளிக்கிறோம்" என்று சொல்லுங்கள். கையை எடுக்கும் வரை ஓரடி நகராதீர்கள். நம் பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கம் இல்லை, அந்த மரியாதையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அதனால் வீட்டிலேயே பேசி வையுங்கள்: வெளியே யார் கூப்பிட்டாலும் நீங்கள் ஒருவர் மட்டும் பதில் சொல்வது, அப்பாவும் அம்மாவும் பெட்டியைப் பார்த்துக்கொள்வது. அப்பா பேச்சுக் கொடுக்கிற ஆளாக இருந்தால் இதை இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.

இந்தியாவில் இன்னொரு விஷயம். முனையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது கஷ்டம். வாசலில் பாதுகாப்புப் படையினர் டிக்கெட் கேட்பார்கள். ஆகவே கழிவறை, கொஞ்சம் பணம், முன்பணம் கட்டும் டாக்சிச் சீட்டு எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துவிடுங்கள். சென்னையில் அந்த டாக்சிக் கவுண்டர்கள் வருகைப் பகுதியில் இருக்கின்றன. போகிற ஏரியாவின் பெயரைச் சொல்லி, எவ்வளவு என்று கேட்டு, சீட்டில் அதே தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநருக்கான சீட்டை வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கிய பிறகு கொடுங்கள். வழியிலேயே கொடுத்துவிட்டால் "வீடு சந்துக்குள்ள இருக்கு, இன்னும் இருநூறு ஆகும்" என்ற பேச்சு வரலாம்.

இங்கே நாம் வண்டி பிடிக்கும் கிராப் செயலி இந்தியாவில் ஓடாது. ஓலா, ஊபர்தான். இங்கே நல்ல இணையம் இருக்கும்போதே செயலியை இறக்கி, உங்கள் மலேசிய எண்ணில் பதிந்து வையுங்கள். அங்கே இறங்கிய பிறகு பதிவுக்கான ரகசிய எண் (ஓடிபி) வரவில்லை என்று தவிக்கிற நேரத்தில்தான் யாராவது "நான் போட்டுத் தரேன் சார்" என்று வந்து நிற்பார். வண்டி வந்ததும் எண் பலகை செயலியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் மட்டும் ஏறுங்கள். "ஆப்பை ரத்து பண்ணிடுங்க, காசா கொடுங்க" என்று சொன்னால் வேறு வண்டி பிடியுங்கள்.

பெட்டி குறைவாக இருந்தால் சென்னையில் மெட்ரோ ரயில் இருக்கிறது. நிலையம் விமான நிலையத்தோடு சேர்ந்தே உள்ளது. வடபழனி, கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். ஆனால் நம் ஆட்கள் பெட்டி குறைவாகக் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை, அதனால் பெரியவர்களோடு டாக்சிதான் சரி.

பணம் மாற்றுவது பற்றி. விமான நிலையத்தில் மாற்றினால் பொதுவாக விகிதம் குறைவாகத்தான் கிடைக்கும். புறப்படும் முன்பே இங்கே ஈப்போவில் உரிமம் பெற்ற கடை இரண்டு மூன்றில் விசாரித்து விகிதத்தைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த எண் கண்ணெதிரே இருந்தால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. இறங்கிய இடத்தில் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய அளவு மட்டும் போதும்.

அம்மா பழைய பயணக்காரர்களிடமிருந்து வாங்கி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கும் இந்திய நோட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். 2016 நவம்பரில் பழைய 500, 1000 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது, கடைகளில் வாங்க மாட்டார்கள். இன்று கையில் வர வேண்டிய பெரிய நோட்டு, சாம்பல் நிறத்தில் பின்பக்கம் செங்கோட்டை போட்ட 500. வேறு ஏதாவது பெரிய நோட்டை யாராவது மீதியாகத் திணித்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

ஏடிஎம்மிலும் கடையில் அட்டை தேய்க்கும்போதும் ஒரு கேள்வி வரும்: ரிங்கிட்டில் கணக்கிடவா, உள்ளூர்ப் பணத்திலா? ரிங்கிட் என்று பார்த்ததும் நமக்குத் தெரிந்த எண்ணாயிற்றே என்று அதை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். அந்த இயந்திரத்துக்காரர் தனக்கு இலாபமான விகிதத்தில் மாற்றிவிடுவார். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இது சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனாலும் டாக்சிக்காரர் கேட்கிற ஐம்பது ரூபாயைவிடப் பல நேரம் இதில்தான் அதிகம் போகிறது, யாரும் கவனிப்பதில்லை.

இப்போது பேங்காக், பாலி. அங்கே முறையான கட்டணம் எது என்று தெரிந்து வைத்திருந்தால் பாதிச் சண்டை குறையும். பேங்காக்கின் சுவர்ணபூமியில் கீழ்த்தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு டாக்சிக்குப் போக வேண்டும். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணமும், விரைவுச் சாலையில் போனால் அதன் கட்டணமும் நாம் கொடுப்பது. அது ஏமாற்று இல்லை. மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு விலை சொன்னால்தான் இறங்கிவிட வேண்டும். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்க அதுதான் உதவும்.

பாலியில் ஒருவருக்கு 150,000 ரூப்பியா சுற்றுலா வரி 2024 பிப்ரவரியிலிருந்து உண்டு, அது உண்மையான வரி. ஆனால் மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமலே இந்தோனேசியாவுக்குள் போகலாம், ஆகவே விசாவுக்கென்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அங்கே நோட்டில் இருக்கும் சைபர்தான் பெரிய வம்பு. 10,000 ஊதா, 100,000 சிவப்பு. புறப்படும் முன் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பி அப்பா அம்மாவையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பணம் மாற்றினால் கவுண்டரில் இருப்பவர் எண்ணிய பிறகு நீங்கள் எண்ணுங்கள், எண்ணியதைத் திரும்ப அவர் கையில் கொடுக்காதீர்கள். திரும்ப வாங்குகிற அந்த ஒரு நொடியில்தான் நோட்டு மறைகிறது.

அப்புறம், ஏமாற்று வீட்டிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. தாய்லாந்து வருகை அட்டை, அதாவது நாட்டுக்குள் நுழைய நிரப்பும் படிவம், 2025 மே முதல் இணையத்தில்தான், அது இலவசம். இந்திய வருகை அட்டைக்கும் பணம் கிடையாது. இந்திய விசாவுக்குக் கட்டணம் கேட்டால் அரசுத் தளத்தில் மட்டும் கட்டுங்கள், முகவரி ஜிஓவி டாட் இன் (gov.in) என்று முடிய வேண்டும். தேடலில் மேலே வருகிற விளம்பரத் தளங்கள் அரசுத் தளம் போலவே கொடியும் சின்னமும் வைத்திருக்கும். கடப்பிதழ்ப் படத்தையும் அங்கே கொடுத்துவிட்டால் பணத்தோடு முடியாது.

சிம் அட்டையை இங்கிருந்தே வாங்கிப் போகலாம், அல்லது அட்டையே இல்லாமல் போனிலேயே பதிகிற இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி என்றும் எழுதியிருந்தீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுங்கள். பணியாளர் விமான வாசலிலிருந்தே தள்ளிக்கொண்டு குடிநுழைவையும் பெட்டி எடுக்கும் இடத்தையும் கடக்க உதவுவார். அவரும் கடைசியில் ஏதாவது எதிர்பார்க்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்றால் உங்களுக்கு மனசு இருப்பதைக் கொடுங்கள், கேட்கிற தொகையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டாக்சிச் சீட்டு கையில் வரும் வரை அப்பாவை உள்ளேயே நாற்காலியில் உட்கார வைத்திருங்கள்.