ராணுவக் கொள்முதலில் ஊழல்: பொதுமக்கள் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாதுகாப்புக் கணக்குத் துறையில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது சயானில் வசிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.

செம்பூர் வாசகி: ஐயா, ஆயுத பேரங்கள் டெல்லியில் மூடிய அறைக்குள் முடிகின்றன. செம்பூரில் இருக்கும் எங்களால் என்ன செய்ய முடியும்?

பீரங்கியையும் விமானத்தையும் மட்டும் நினைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் வழி அடைபட்டதாகத் தோன்றுகிறது. ராணுவம் முட்டை வாங்குகிறது, பருப்பு வாங்குகிறது, காலணி வாங்குகிறது, குடியிருப்புகளுக்குச் சிமெண்டு வாங்குகிறது. இவற்றின் விலையில் ரகசியம் ஏதும் இல்லை. உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்த 2023 ஜனவரியில், படையினருக்கான முட்டை ஒன்றுக்கு 17 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்) விலை போடப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் ஒருவர் வெளியிட்டார். கீவ் நகரக் கடைகளிலேயே அது ஏறத்தாழ 7 ஹிரிவ்னியாவுக்குக் கிடைத்தது. அந்த மாதமே பாதுகாப்புத் துணை அமைச்சர் பதவி விலகினார். அடுத்த மாதம், ஆயுதமல்லாத பொருள்களின் அலகு விலையைப் போர்க்காலத்திலும் வெளியிட வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இதற்காக எந்தப் போர் ரகசியத்தையும் யாரும் தொட வேண்டியிருக்கவில்லை.

நம்மிடம் இருக்கும் சிறந்த கருவி, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியின் அறிக்கை. சியாச்சின் போன்ற உயரங்களில் நிற்கும் வீரர்களுக்குப் பனிக் கண்ணாடியும் காலணியும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதை, 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கைதான் சொன்னது. அறிக்கை வரும் நாளில் எல்லோரும் பேசுகிறோம். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதா, அமைச்சகம் எடுத்த நடவடிக்கை என்ன என்று ஓராண்டு கழித்துக் கேட்பவர் அரிது. அதை உங்கள் தொகுதி எம்.பி.யிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வெளியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்த பிறகு, அதுவரை அலமாரியில் கிடந்த கோப்பு நகர்ந்ததை என் பணிக்காலத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மாட்டுங்கா வாசகர்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் ராணுவத்துக்குச் செல்லாதாமே?

செல்லும். பாதுகாப்பு அமைச்சகமும் முப்படைகளும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவையே. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை 8(1)(அ) பிரிவின்படி மறுக்கலாம். ஆனால் பொதுநலன் அந்தத் தீங்கைவிட மிகுதியானால் தரலாம் என்று 8(2) சொல்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள விலக்கு பெற்ற அமைப்பு. அங்கும்கூட ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு விலக்கு இல்லை. “ஏன் ஊழல் செய்தீர்கள்?” என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், கருத்தைக் கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு நகல் கேளுங்கள்.

தாராவி வாசகர்: என் தம்பி தோல் பட்டறை வைத்து, படைக்கு பெல்ட் வழங்கும் நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுக்கிறான். சரக்கைச் சோதிக்க வந்த அரசு ஊழியர் பணம் கேட்கிறார். கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்யலாமா?

கொடுப்பதற்கு முன்பே சிபிஐயிடம் போகச் சொல்லுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே பாதுகாப்பு உண்டு. பெயர் வெளியே தெரியக் கூடாது என்று அஞ்சினால், 2004ஆம் ஆண்டின் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் எழுதலாம். பெயரும் முகவரியும் கடிதத்துக்குள் இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது. மொட்டைக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014இல் சட்டம் இயற்றப்பட்டும் அது நடைமுறைக்கு வராமலே கிடப்பது எனக்குப் பெரும் வேதனை.

கல்யாண், ஓய்வுபெற்ற சுபேதார்: நான் 24 ஆண்டுகள் சீருடை அணிந்தவன். வெளியாட்கள் இப்படித் துருவினால் படையின் மனவுறுதி குலையும், எதிரிக்குத்தான் லாபம்.

சுபேதார் அவர்களே, உங்கள் சேவையை வணங்கிச் சொல்கிறேன்: தரமற்ற காலணி வந்து சேரும்போதுதான் வீரனின் மனம் குலைகிறது. அதைக் கேட்கும் குடிமகன் அவனுக்காகவே கேட்கிறான்.

அதே வாசகர்: ஸ்வீடனின் போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் லஞ்சம் என்று எழுந்த கூச்சலுக்குப் பிறகு கோப்பில் கையெழுத்திடவே அதிகாரிகள் அஞ்சினார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் புதிய பெரிய பீரங்கி வரவில்லை. இது யார் குற்றம்?

நீங்கள் சொல்வதில் பாதியை முழுமனத்துடன் ஏற்கிறேன். 1986இல் வாங்க ஒப்பந்தமான 410 பீரங்கிகள் கார்கிலில் நன்றாகவே உழைத்தன. அடுத்த பெரிய ஒப்பந்தத்துக்கு 2016 வரை காத்திருந்தது படைக்கு நேர்ந்த இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஓராண்டுக்குப் பிறகு, 1987 ஏப்ரலில், ஸ்வீடன் வானொலி சொல்லித்தானே லஞ்சப் புகார் நமக்குத் தெரிந்தது? பணம் கைமாறிய பிறகு வெடிக்கும் செய்தி கூச்சலாகத்தான் இருக்கும். அதனால்தான் கேள்வி முன்கூட்டியே வர வேண்டும் என்கிறேன். லஞ்சம் தர மாட்டோம், இடைத்தரகரை வைக்க மாட்டோம் என்று நிறுவனங்கள் உறுதியளிக்கும் நேர்மை ஒப்பந்தமும், அதைக் கவனிக்கும் சுதந்திரமான கண்காணிப்பாளர்களும் நம் கொள்முதல் நடைமுறையில் ஏற்கெனவே உண்டு. அவர்களிடம் எத்தனை புகார்கள் வந்தன, என்ன முடிவாயிற்று என்று கேட்பது எந்த அதிகாரியின் கையையும் கட்டிப்போடாது. நேர்மையாகக் கையெழுத்திட்டவருக்கு அதுவே கவசம்.

காட்கோபர் வாசகர்: சுபேதார் சொல்வதே சரி. அலுவலக ரகசியச் சட்டம் எதற்கு இருக்கிறது?

1923ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஊழலுக்குப் போர்வையாகாது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் ரகசிய ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்று அரசு எழுப்பிய ஆட்சேபத்தை 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவையும் சுட்டிக்காட்டி நிராகரித்தது. மனுதாரர்கள் பிறகு வழக்கில் தோற்றார்கள். எனினும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. அதே மூச்சில் எச்சரிக்கிறேன்: வாட்ஸ்அப்பில் வரும் ‘ரகசியம்’ முத்திரையிட்ட கோப்புப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், வழக்கறிஞரிடம் போங்கள்.

முலுண்டு வாசகர்: கார்கில் போர் விதவைகளுக்கான ஆதர்ஷ் குடியிருப்பு வீடுகளைக் களவாடியதைத் தடுத்தார்களே, அது மக்கள் வெற்றிதானே?

வெற்றிதான்; ஆனால் அதைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். கொலாபாவில் எழுந்த 31 மாடிக் கட்டடத்தின் ஆவணங்களைத் தகவல் உரிமை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் விண்ணப்பித்துத் திரட்டினார்கள். அந்த விவகாரத்தில் 2010 நவம்பரில் மகாராஷ்டிர முதலமைச்சர் அசோக் சவாண் பதவி விலகினார். பின்னர் விசாரித்த நீதி ஆணையம், நிலம் மாநில அரசுக்குச் சொந்தம், அது கார்கில் வீரர்களுக்கென ஒதுக்கப்பட்டதல்ல என்றது. அதே ஆணையம், ஆதர்ஷ் வீட்டுவசதிச் சங்கத்தின் 102 உறுப்பினர்களில் 25 பேர் தகுதியற்றவர்கள் என்றும் கண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு பிழையான வரியைப் பிடித்துக்கொண்டு, உண்மையான நூறு பக்கங்களையும் எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடும்.

தாணே வாசகர்: ரஃபேல் விலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாமா? (இதே கேள்வியை மேலும் நால்வர் அனுப்பியுள்ளனர்.)

சிஏஜி அறிக்கையிலேயே அந்த விலைகள் மறைக்கப்பட்டன. முட்டையிலிருந்து தொடங்குங்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். தயவுசெய்து அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வாஷி வாசகி: அப்பாவின் ராணுவ ஓய்வூதியம் மூன்று மாதமாக வரவில்லை.

ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் சேவை மையத்தையோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையோ அணுகுங்கள் அம்மா. இங்கே அதற்கு இடமில்லை.

நெருல் வாசகர்: நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

ஒருவர் கணக்குத் தெரிந்தவராகவும், ஒருவர் கட்டடப் பொறியாளராகவும் இருந்தால் நல்லது. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தப்புள்ளிகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் தளமான டெஃப்புரோக் (defproc) இணையதளத்தில் வெளிப்படையாகவே கிடக்கின்றன. மும்பைப் பகுதிக் குடியிருப்புப் பராமரிப்புப் பணிகளை மட்டும் எடுத்து, ஒரே ஒப்பந்ததாரரே திரும்பத் திரும்ப வருகிறாரா, போட்டியிட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆறு மாதம் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலோடு வாருங்கள்; என்ன கேட்பது என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.