சொல்லித் தந்தான்

அன்புள்ள ஐயா,
முதல் நியமனம் முல்லைத்தீவில் என்றதும் வீட்டில் அம்மா அழுதார். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூடக் காவலாளி, என் அப்பா வயதுக்காரன், குளத்தில் விரால் பிடிக்கச் சொல்லித் தந்தான். சமையல்காரி தன் வீட்டுப் பொங்கலுக்குக் கூப்பிட்டாள். அதிபர் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தந்தார். வந்தபோது இருந்த ஆள் இல்லை நான். இந்த எளிய மனிதர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இடமாற்றம் கேட்கலாமா?

அன்புள்ள தம்பி,

இடமாற்றம் உங்கள் பாடு. ‘எளிய மனிதர்கள்’ என்பதையும் போனால் போகிறதென்று விடுகிறேன். ‘சொல்லித் தந்தான்’ என்பதை விடமாட்டேன். மோட்டார் சைக்கிள் தந்தவருக்கு ‘ஆர்’, விரால் பிடிக்கப் பழக்கியவருக்கு ‘ஆன்’, சோறு போட்டவருக்கு ‘ஆள்’. தமிழ்தானே படிப்பிக்கிறீர்கள்? பிள்ளைகளின் கொப்பியில் சந்திப்பிழைக்குச் சிவப்பு மை போடுகிற கை, இதை எழுதும்போது எங்கே போனது?

கோபம் உங்கள் மீது மட்டுமல்ல. 1996இல் யுத்தத்துக்குத் தப்பி, கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய், தருமபுரத்தில் ஒருவர் வளவில் தறப்பாள் கட்டி இருந்தோம். வளவுக்கார அம்மா 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறியவர். அவர் கிணற்றில் அள்ளக்கூட எங்கள் வீட்டில் முதல்நாள் யோசித்தார்கள். அகதியாகப் போயும் அந்த யோசனை!

ஆனி மாதம் சிரட்டை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து தந்தார். அவசரப்பட்டுத் தின்றேன். பால் பிசுபிசுத்து இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டன. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு வந்து, “தடவிக்கங்க தம்பி” என்றார். வாய் திறந்ததும் நான் சொன்னது: “நீ இதை முதலே சொல்லியிருக்கலாமே?”

எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பதுக்குக் குறையாது. அங்கிருந்த மாதங்கள் முழுக்க அவர் ‘நீங்க’, நான் ‘நீ’. வீட்டில் ஒருவரும் திருத்தவில்லை. அப்போதே நான் பொதுவுடைமைப் புத்தகங்கள் வாசிக்கிற ஆள் வேறு.

யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபின் ஒரு சேலையோடு தேடிப் போனேன். “எப்படி இருக்கிறீங்கள் அம்மா?” என்றேன். எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

கடிதத்தைத் திருத்தி அனுப்புங்கள். விராலுக்கு அவர் என்ன இரை குத்தச் சொன்னார், தவளையா மண்புழுவா, அதையும் எழுதுங்கள்.