சுவீடனில் பதவியும் விடுப்பும் – கடிதம்

வணக்கம் சார்,

கோத்தன்பர்க்கில் ஐந்து வருடமாக இருக்கிறோம். நானும் கணவரும் மென்பொருள் வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு டாகிஸ் (பாலர் பள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வாசலில் பார்த்தால் பாதிக்குப் பாதி அப்பாக்கள், தள்ளுவண்டியும் கையுமாக. ஆனால் ஆபீஸில் மேலே போகப் போக ஆண்கள்தான். மேனேஜரிடம் கேட்டேன். "செய்ய வேண்டிய சட்டமெல்லாம் செய்தாயிற்று, இனிமேல் பெண்கள்தான் ஆசைப்பட்டு வர வேண்டும்" என்றார். அப்படியா சார்? இன்னொன்று, இரண்டாவது குழந்தை வரப்போகிறது. முதல் தடவை நான் ஒரு வருடம் வீட்டில் இருந்தேன், அவர் மூன்று மாதம். அதில் இரண்டு மாதம் ஊருக்கு வந்து போனதிலேயே கழிந்தது. இந்தத் தடவை எப்படிப் பிரிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மேனேஜர் சொன்னதில் முதல் பாதியை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். 1971இல் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடுவதை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு மனைவி வேலைக்குப் போனால் அவள் சம்பளம் கணவன் சம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, பெரும்பகுதி வரிக்கே போய்விடும். 1974இல் தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை இருவருக்கும் பொதுவாக்கினார்கள், உலகத்திலேயே முதல் நாடாக. ஆனால் அந்த வருடம் ஆண்கள் எடுத்தது நூறில் ஒரு நாள்கூடத் தேறாது. அப்புறம் பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரேனை, மலை மாதிரி ஆள், கையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கொடுத்து நிற்க வைத்துப் போஸ்டர் அடித்தார்கள். போஸ்டர் பிரபலமானது, நாட்கள் நகரவில்லை. 1995இல் ஒரு மாதத்தை 'நீ எடுக்காவிட்டால் போச்சு, மனைவிக்கும் தர முடியாது' என்று ஒதுக்கிய பிறகுதான் அப்பாக்கள் அசைந்தார்கள். 2002இல் அது இரண்டு மாதம், 2016இல் மூன்று.

அப்படியும் இன்று ஆண்கள் எடுப்பது மொத்த நாட்களில் ஏறக்குறைய 30 சதவீதம்தான். டாகிஸ் வாசலில் நீங்கள் பார்ப்பது பொய்யில்லை, ஆனால் நாலு மணி கணக்கு வேறு, வருடக் கணக்கு வேறு. யாரைத் தூக்கி விடலாம் என்று மேலே இருப்பவர்கள் ஆள் பார்க்கிற வயதும் முப்பதுகள்தான், பெண் வீட்டில் இருக்கிற வயதும் அதுதான். திரும்பி வந்ததும் குழந்தைக்கு எட்டு வயதாகும்வரை வேலை நேரத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது, நல்ல உரிமை, அதையும் அம்மாக்கள்தான் அதிகம் எடுக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'வாப்' (நோயுற்ற குழந்தையைப் பார்க்க எடுக்கும் விடுப்பு) போடுவதும் அப்படித்தான். (பிப்ரவரிக்கு 'வாப்ருவாரி' என்று பெயரே வைத்திருக்கிறார்களாமே!)

இந்த நேரக் கணக்குக்கு இடம் கொடுக்கிற வேலைகள் நகராட்சிப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. பெண்கள் அங்கே அதிகம், அங்கே மேலதிகாரிகளும் பெரும்பாலும் பெண்களே. அதையும் சேர்த்துக் கூட்டுவதால்தான் நாட்டின் மொத்தக் கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளை மட்டும் எடுத்தால் தலைமை நிர்வாகிகளில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. எஸ்.இ.பி. வங்கியை 2005 முதல் 2017 வரை நடத்திய அன்னிகா ஃபால்கென்கிரேன், துணிக்கடை நிறுவனமான எச் அண்ட் எம்மை நான்கு வருடம் நடத்திய ஹெலெனா ஹெல்மெர்சன் என்று பெயர் சொல்லி எண்ணுகிற நிலைதான்.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன், 'ஆசைப்பட்டு வர வேண்டும்'. 1991 தேர்தலில் நாடாளுமன்றத்தில் பெண்கள் 38 சதவீதத்திலிருந்து 33க்கு இறங்கினார்கள். உடனே ஒரு பெண்கள் கூட்டம், 'முழுச் சம்பளம், பாதி அதிகாரம்' என்று கோஷம் போட்டுக்கொண்டு, தனிக் கட்சியே ஆரம்பித்துவிடுவோம் என்று மிரட்டியது. சமூக ஜனநாயகக் கட்சி 1993இல் வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றிப் போட முடிவு செய்தது. இதற்கு அங்கே வழங்கும் பெயர் நடனக் கூடத்திலிருந்து வந்தது, ஒன்று விட்டு ஒரு ஆட்டத்துக்குப் பெண்தான் ஜோடியை அழைக்க வேண்டும் என்ற பழைய வழக்கம். 1994இல் 40 சதவீதம். மூன்று வருடத்தில் பெண்களுக்கு ஆசை முளைத்துவிட்டதா என்ன? அந்த ஏற்பாட்டைப் பிற்பாடு ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது, தரம் குறையவில்லை என்பது மட்டுமல்ல, இடத்தை இழந்தவர்கள் சுமாரான ஆண்கள், மிச்சம் நின்ற ஆண்களின் தரம் கூடியது. எனக்கு இதைப் படித்தபோது ரொம்ப சந்தோஷம். கம்பெனி இயக்குநர் குழுக்களுக்கு 40 சதவீதம் என்று ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்து, நாடாளுமன்றத்தில் ஆதரவு இல்லாமல் 2017 ஜனவரியில் கைவிட்டார்கள். ஆக எல்லாச் சட்டமும் செய்தாயிற்று என்பதும் முழுசாகச் சரியில்லை.

உங்கள் கடைசி விஷயம், விடுப்பைப் பிரிப்பது. ஊல்லே ஃபோல்கே, யொஹான்னா ரிக்னே என்ற இருவர் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்டு ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஜெயித்த பெண்களுக்கு விவாகரத்து வாய்ப்பு இரண்டு மடங்கு, ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்த விவாகரத்துகள் எங்கே குவிந்திருந்தன என்றால், மனைவியைவிடக் கணவன் வயதில் மிகவும் மூத்தவராக இருந்த வீடுகளில், குழந்தை விடுப்பை மனைவியே பெரும்பாலும் எடுத்த வீடுகளில். சமமாக வாழ்ந்த ஜோடிகளைப் பதவி அசைக்கவில்லை.

அதனால் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், முடிந்த அளவு பாதிக்குப் பாதி என்பேன். ஒரு நிபந்தனையும் உண்டு. ஊருக்கு வந்துவிட்டால் குழந்தையைப் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள், அவர் மாடியில் தூங்குவார். அந்த இரண்டு மாதத்தை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.