ஒன்று கூட்டினால் எவ்வளவு கூடும்? பகடைக்கு வீட்டு விதி அமைப்பவர்களுக்கு

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஞாயிறுதோறும், பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பகடை உருட்டிப் போரிடும் வார்ஹாமர் 40,000 ஆடுகிறோம். எதிரியிடமிருந்து ஒன்பது அங்குலத்துக்கு வெளியே வந்திறங்கும் படைப்பிரிவின் சார்ஜ் (இரு பகடையின் தொகை அளவு அங்குலம் ஓடி எதிரியைத் தாக்கும் முயற்சி) அடிக்கடி தவறிப்போவதால், சார்ஜை ஒருமுறை இலவசமாக மறுபடி உருட்டலாம் என்று விதி வைத்தோம். தளபதி அருகில் இருந்தால் ஹிட் உருட்டில் (அடி இலக்கில் பட்டதா என்று பார்க்கும் உருட்டு) 1 கூட்டிக்கொண்டு, தவறிய பகடைகளையும் மறுபடி உருட்டலாம் என்று இன்னொரு விதியும் சேர்த்தோம். இப்போது ஐந்து சுற்று நடக்க வேண்டிய ஆட்டம் இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. ஆர்க் படைக்குத்தான் விதி சாதகம் என்று ஸ்பேஸ் மரீன் படை வைத்திருப்பவர் சொல்கிறார். விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்கிறார் மற்றவர். எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஸ்பேஸ் மரீன் வைத்திருக்கும் நண்பர் சொல்வதுதான் சரி. விதியின் வாசகம் இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதன் பலன் ஒன்றாக இல்லை. வீட்டு விதி எழுதும்போது மிக எளிதாகச் செய்துவிடக்கூடிய பிழை இது. எனவே இதையே முதலில் விரிவாகப் பார்ப்போம்.

ஸ்பேஸ் மரீன் வீரன் சுடும்போது பொதுவாக 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஹிட். ஆர்க் சுடும்போது 5 அல்லது 6 விழ வேண்டும். இருவரும் 20 பகடை உருட்டினால், சராசரியாக மரீனுக்கு 13.3 ஹிட், ஆர்க்குக்கு 6.7 ஹிட். இப்போது 1 கூட்டுங்கள். மரீனுக்கு 16.7 ஆகிறது, அதாவது 25 சதவீத உயர்வு. ஆர்க்குக்கு 10 ஆகிறது, அதாவது 50 சதவீத உயர்வு. அதன்மேல் தவறியவற்றையும் மறுபடி உருட்ட விட்டால் மரீனுக்கு 19.4 ஹிட்டும் ஆர்க்குக்கு 15 ஹிட்டும் கிடைக்கும். மரீன் பெற்றது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆர்க் பெற்றதோ இரண்டே கால் மடங்கு. ஹிட் (பட்டதா), வூண்ட் (காயமானதா), சேவ் (கவசம் காத்ததா) ஆகிய மூன்று உருட்டுகளும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு போகும் சங்கிலி என்பதால், முதல் கண்ணியில் ஏற்றிய இந்த மடங்கு குறையாமல் கடைசிவரை சென்று, மேசையிலிருந்து அகற்றப்படும் பொம்மைகளின் எண்ணிக்கையில் அப்படியே தெரியும். உங்கள் ஆட்டம் இரண்டாம் சுற்றில் முடிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேலும், மரீனின் 20 பகடையில் 19 ஹிட் ஆகிவிடும் என்றால் அந்தப் பகடையை உருட்டுவதற்கே அவசியம் இல்லாமல் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து, எத்தனை காரணங்கள் சேர்ந்தாலும் ஹிட் உருட்டில் 1-க்கு மேல் கூட்டவோ கழிக்கவோ கூடாது என்று அதிகாரபூர்வ விதியே வரம்பு கட்டியிருக்கிறது. நல்ல வரம்பு அது. ஆனால் கூட்டலும் மறு உருட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை அது தடுப்பதில்லை. அதை உங்கள் வீட்டு விதிதான் தடுக்க வேண்டும்.

தளபதிக்கு ஏதேனும் ஒரு பலன் வேண்டும் என்றால் என் பரிந்துரை இது: ஹிட் உருட்டில் 1 விழுந்த பகடைகளை மட்டும் மறுபடி உருட்டலாம், வேறு எதுவும் இல்லை. யார் உருட்டினாலும் ஆறில் ஒரு பங்கு பகடைகளே மறுபடி உருளும். அவை முன்பிருந்த அதே விகிதத்தில்தான் ஹிட் ஆகும். ஆகவே மரீனின் 13.3 என்பது 15.6 ஆகும், ஆர்க்கின் 6.7 என்பது 7.8 ஆகும். இருவருக்கும் உயர்வு சரியாக ஆறில் ஒரு பங்குதான். எந்தப் படைக்கும் ஒரே அளவாக உதவும் இப்படிப்பட்ட விதி அரிது என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் கூட்டலையோ மறு உருட்டையோ சேவ் உருட்டுக்கு நீட்டிவிடாதீர்கள், ஏனெனில் அங்கே கணக்கு தலைகீழ். சேவில் தோல்விகளையே எண்ண வேண்டும்: 3-ம் அதற்கு மேலும் விழுந்தால் காக்கும் கவசத்தை 2 ஆக்கினால் இழப்பு பாதியாகிவிடும், 6-இல் காக்கும் கவசத்தை 5 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்.

சார்ஜ் வேறு வகைச் சிக்கல். ஹிட் உருட்டில் இருபது பகடைகள் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். சார்ஜிலோ இரண்டே பகடை, ஒரே உருட்டு, அதில் ஒரு சுற்றின் திட்டமே தங்கியிருக்கிறது. இரண்டைக் கூட்டும்போது எல்லாத் தொகையும் சமமாக விழாது என்பது தாயக்கட்டை உருட்டியவர்களுக்குத் தெரிந்ததே. பூஜ்யம் முதல் மூன்று வரை முகமுள்ள இரு கட்டைகளில் 3 விழ 16-இல் 4 வழிகள் உண்டு, 6 விழ ஒரே வழிதான். அதேபோல ஆறுமுகப் பகடை இரண்டில் 9-ம் அதற்கு மேலும் விழ 36-இல் 10 வழிகளே, அதாவது 27.8 சதவீதம். தொடர்ந்து ஐந்து சார்ஜ் தவறுவதற்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதால், உங்கள் பகடையிலோ கைராசியிலோ குறை காண வேண்டாம்.

இலவச மறு உருட்டு இந்த 27.8-ஐ 47.8 ஆக்குகிறது. மூன்று பகடை உருட்டிச் சிறியதை விட்டுவிடும் முறையில் 52.3. இரண்டும் மிகை என்றே நினைக்கிறேன். மேலும், கமாண்ட் பாயிண்ட் (சிறப்பு வசதிகளுக்குச் செலவிடும் புள்ளி) ஒன்றைச் செலவிட்டுச் சார்ஜை மறுபடி உருட்டும் வசதி பத்தாம் பதிப்பிலேயே இருக்கிறது; அதை நீங்கள் இலவசமாக்கியதால், அந்தப் புள்ளியை எதற்குச் செலவிடுவது என்று யோசிக்கும் சுவாரசியம் போய்விட்டது.

உண்மையில் வருத்தம் தருவது தவறும் வாய்ப்பைவிட, தவறினால் படை ஓர் அங்குலம்கூட நகராமல் திறந்தவெளியில் நின்று சுடப்படுவதுதான். ஆகையால் வாய்ப்பை 27.8-லேயே விட்டுவிட்டுத் தோல்வியின் விலையைக் குறையுங்கள். சார்ஜ் தவறினால், உருட்டிய இரண்டில் பெரிய எண் எத்தனையோ அத்தனை அங்குலம் வரை அந்தப் படை எதிரியை நோக்கி நகரலாம். ஆனால் எந்த எதிரியையும் தொட்டுப் போரிடும் தூரத்துக்குள் போகக் கூடாது. 6-ம் 2-ம் விழுந்து 9-க்கு ஒன்று குறைந்த படை, ஆறு அங்குலம் முன்னேறி ஒரு சுவரின் மறைவில் நின்றுகொள்ளலாம். அடுத்த சுற்றில் அதன் சார்ஜுக்கு 9 தேவைப்படாது.

விதிகளை ஒரு தாளில் எழுதி மேசையோரம் வையுங்கள். எழுதும்போது இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். மறு உருட்டு என்றால் இரு பகடையுமா, ஒன்று மட்டுமா என்று சொல்லியாக வேண்டும்; பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை மட்டும் உருட்ட விட்டால் 47.8 என்பது 52.3 ஆகிவிடும். கூட்டலும் மறு உருட்டும் சந்திக்கும் இடத்தில் எது முதலில் என்றும் குறிப்பிடுங்கள். மறு உருட்டு முதலில், கூட்டல் பிறகு என்ற அதிகாரபூர்வ வரிசையையே வைத்துக்கொள்வது நல்லது. புதிய விதியை ஓர் இரவு ஆடிப் பார்த்து மாற்றாமல், ஆறேழு ஆட்டம் வரை தொடாமல் விட்டு, ஒவ்வோர் ஆட்டமும் எந்தச் சுற்றில் முடிந்தது என்பதை அதே தாளின் பின்புறம் குறித்துவாருங்கள்.