வானிலை பலூனில் நைட்ரஜன் டை ஆக்சைடு உணரி

கேள்வி: ரப்பர் பலூனில் நைட்ரஜன் டை ஆக்சைடு உணரியைக் கட்டி 30 கி.மீ. உயரம்வரை அளக்க என் மாணவர்கள் விரும்புகிறார்கள். கடையில் கிடைக்கும் மின்வேதி உணரி போதுமா?
– இயற்பியல் ஆசிரியை, மேலூர்

பதில்: போதாது. குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம், 17 கி.மீ. உயரத்தில் மைனஸ் 80 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் தெர்மாகோல் பெட்டியும் சிறு ஹீட்டரும் தாக்குப்பிடிக்கும். சிக்கல் ஓசோன்தான். 30 கி.மீ.யில் நைட்ரஜன் டை ஆக்சைடு நூறு கோடியில் சில பங்குதான். ஓசோனோ அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். இரண்டுக்குமே உணரி மின்னோட்டம் தரும். முன்னால் வடிகட்டி வைத்து 99 சதவீத ஓசோனைத் தடுத்தாலும், மிஞ்சுவது நீங்கள் தேடும் வாயுவைவிட அதிகம். போதாக்குறைக்கு அங்கே காற்றழுத்தம் வெறும் 12 மில்லிபார். அந்த மெல்லிய காற்றில் வரும் சிக்னல் உணரியின் இரைச்சலுக்குள் அமுங்கிவிடும்.

தரையிலிருந்தே அளக்கலாமே! அந்தி நேரத்தில் சூரிய ஒளி மேல்வளிமண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. நேர் உச்சி வானத்தை நோக்கி ஃபைபரை நிறுத்தி, 390 முதல் 500 நானோமீட்டர் வரை பதியும் சிறு நிறமாலைமானியை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) இணையுங்கள். சூரியன் தொடுவானில் இருக்கும்போது எடுத்த நிறமாலையை நண்பகல் நிறமாலையால் வகுத்தால், 430–450 பகுதியில் அந்த வாயு உறிஞ்சிய வரிகள் தெரியும். மாலை அளவு காலை அளவைவிடக் கூடுதலாக வரவேண்டும். இரவில் அதில் ஒரு பகுதி டைநைட்ரஜன் பென்டாக்சைடாக மாறிவிடுகிறது. மொட்டைமாடி வெயிலில் கருவி சூடேறினால் அலைநீளம் நகரும். ஒவ்வொரு பதிவிலும், சூரிய ஒளியிலேயே இருக்கும் கால்சியத்தின் 393.4, 396.8 நானோமீட்டர் இருண்ட கோடுகளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மாட்டுத்தாவணி பக்கம் வேண்டாம், வண்டிப்புகை அளவைக் கெடுக்கும். அழகர்மலை அடிவாரம் நல்ல இடம்.

கேள்வி: ஆராய்ச்சிப் பலூன்களில் நைட்ரஜன் சேர்மங்களை எப்படி அளக்கிறார்கள்? இறங்கும்போது எடுத்த அளவையே ஏன் அதிகம் நம்புகிறார்கள்?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: நைட்ரிக் ஆக்சைடுடன் மிகையான ஓசோனைக் கலந்தால் சிவப்பு, அகச்சிவப்பு ஒளி வரும், குளிரூட்டிய ஒளிப்பெருக்கிக் குழாய் அதை எண்ணுகிறது. நைட்ரிக் அமிலம் போன்றவற்றை, சிறிது கார்பன் மோனாக்சைடு சேர்த்து 300 டிகிரி சூட்டிலுள்ள தங்கக் குழாயில் செலுத்தி முதலில் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றுவார்கள். அமிலம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நுழைகுழாய் டெஃப்லானில், குட்டையாக, சூடாக இருக்கவேண்டும்.

ஏறும்போது காற்று முதலில் பலூனை உரசிவிட்டுத்தான் கீழே தொங்கும் கருவிக்கு வரும். தரையிலிருந்து பலூன் தோலில் ஒட்டிவந்த ஈரமும் வாயுக்களும் அதில் கலந்துவிடும். இறங்கும்போது புதுக்காற்று கருவியைத்தான் முதலில் தொடுகிறது.